கடைசல் பட்டறைக்கு ஒரு விளக்கு

விளக்கு என்னும் சொல் தமிழில் பெயராகவும் நிற்கிறது, வினையாகவும் நிற்கிறது. திரியிட்டு ஏற்றுவது விளக்கு. புளியிட்டுப் பித்தளைப் பாத்திரத்தைத் தேய்ப்பதும் விளக்குதல்தான். புரியாத ஒன்றைப் புரியச் செய்வதும் விளக்குதல்தான். நம் இலக்கியத்தில் விளக்குகளுக்குக் குறைவில்லை. நெடுநல்வாடையின் அரண்மனையில் யவனர் செய்த பாவை தன் கையில் அகலை ஏந்தி நிற்கிறது. முதலாழ்வார்களில் ஒருவர் உலகத்தையும், இன்னொருவர் அன்பையும் அகலாகக் கொண்டார்கள். ஆயினும் ஒரு தொழிலாளி தன் கைவேலையைப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்ட விளக்கைப் பற்றி நாங்கள் படித்தது மிகக் குறைவு. வழிபடவும் காத்திருக்கவும் ஏற்றிய விளக்குகள் பாட்டில் ஏறின. வேலைக்கு ஏற்றியவை கரி பிடித்து உத்தரத்திலேயே தங்கிவிட்டன போலும்.

இக்கட்டுரை அப்படியொரு வேலை விளக்கைப் பற்றியது. லேத்துக்கு எந்த விளக்கை வாங்குவது, அதை எங்கே பொருத்துவது என்பதுதான் பொருள். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு மனிதர் தம் தொழிலை விடுவதா, தொடர்வதா என்பது ஒரு விளக்கு விழும் கோணத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். எழுதிவைக்கத் தக்கது என்று நினைக்கிறோம்.

*

கோவை கணபதியில் எங்கள் அப்பா 1986இல் தொடங்கிய கடைசல் பட்டறை இருக்கிறது. இப்போது அதை அண்ணன் தம்பி இருவருமாக நடத்துகிறோம். எங்களில் மூத்தவர் முழுநேரமும் பட்டறையில் இருப்பவர். இளையவர் கல்லூரியில் தமிழ் கற்பித்துவிட்டு, மாலையில் வந்து கணக்கு எழுதுபவர். இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், டூல் தீட்ட ஒரு கிரைண்டர், ஆள் நான்கு பேர். பம்புக் கம்பெனிகளுக்குப் புஷ்ஷும் ஷாஃப்டும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் வேலை.

இவ்வூரில் இப்படிப்பட்ட பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருப்பதற்கு மின்சாரமே காரணம். 1930களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்தது. மில்கள் பெருகின. 1937இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். மோட்டாரைத் தொடர்ந்து பம்பு வந்தது, பம்பைத் தொடர்ந்து அதன் உறுப்புகளைக் கடையும் பட்டறைகள் வந்தன. மின்சாரம் சக்கரத்தைச் சுற்றுவதற்குத்தான் முதலில் வேண்டியிருந்தது. வெளிச்சம் என்பது மிஞ்சிய கம்பியில் மாட்டிய ஒன்று. எங்கள் பட்டறையிலும் அப்படித்தான். மெஷின்களைப் பதித்து முடித்தபின், கூரையின் இரும்புச் சட்டத்தில் நான்கு டியூப் லைட் மாட்டப்பட்டன. எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

முதல் லேத்தில் நிற்பவர் பட்டறை தொடங்கிய ஆண்டே அப்பாவிடம் வந்து சேர்ந்த டர்னர். உறவில்லை. ஆனால் சிறு வயதிலிருந்து நாங்கள் அவரை மாமா என்றே அழைக்கிறோம். 2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், அவருக்கு அப்போது 61 வயது, ஒருநாள் வேலை முடிந்து கைகழுவிக்கொண்டே சொன்னார். "தம்பி, கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க. பொங்கலோட நிறுத்திக்கறனுங்க."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம் ஒரு கம்பெனியிலிருந்து 38 புஷ்கள் திரும்பி வந்திருந்தன. கன்மெட்டல் புஷ், உள்துளை 32 மில்லிமீட்டர். 0.025 மில்லிமீட்டர் வரை கூடலாம், அதற்குமேல் போகக்கூடாது. ஒரு தலைமயிரின் தடிமனில் பாதிகூட இல்லாத அளவு அது. திரும்பியவை எல்லாம் அளவைத் தாண்டியிருந்தன. முப்பத்தாறு ஆண்டுகளாகத் தாம் கடைந்ததைப் பெட்டியோடு திருப்பிப் பார்த்திராதவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அவரே இன்னொன்றும் சொன்னார். "காலையில எடுத்தது ஒண்ணும் வரலீங்க. பொழுது சாஞ்சு எடுத்ததுதான் பூராவும்." ஒவ்வொரு தட்டிலும் எந்த நேரத்து வேலை என்று சாக்பீஸால் குறித்துவைப்பது அவர் வழக்கம். திரும்பிய 38இல் 33 மாலை ஐந்து மணிக்குமேல் கடைந்தவை. அவருடைய லேத்துக்குப் பக்கத்தில் கிழக்கு பார்த்த சன்னல் ஒன்று உண்டு. காலையில் அதன் வழியே வானம் வெளிச்சம் கொடுக்கிறது. மாலையில் கூரை டியூப்கள் மட்டும். கண்ணும் கையும் காலையில் இருந்தவைதான். மாறியது வெளிச்சம் ஒன்றே.

*

வெளிச்சத்தை அளக்க லக்ஸ் மீட்டர் என்று ஒன்று உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்திலிருந்து அதை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிவந்தோம். காலை பத்து மணிக்கு லேத்தின் டூல் முனையருகே 700 லக்ஸ் காட்டியது. மாலை ஏழு மணிக்கு அதே இடத்தில் 110. இது யாரும் நிற்காதபோது. மாமா வழக்கம்போல் குனிந்து நின்றதும் முள் 40க்கு இறங்கியது. டியூப்கள் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தன. வேலையைப் பார்க்கக் குனியும் மனிதர், அந்தக் குனிதலாலேயே வேலையை மறைத்துக்கொண்டிருந்தார்.

வேலையிடத்து வெளிச்சத்துக்கான ஐரோப்பியத் தர அளவு, இ.என். 12464-1, இதற்குக் கணக்குச் சொல்கிறது. 0.1 மில்லிமீட்டர் வரை பிசகலாம் என்ற கடைசலுக்கு 300 லக்ஸ். அதைவிட நுட்பமானதற்கு 500. கோடு கிழித்து அடையாளமிடவும், அளந்து சரிபார்க்கவும் 750. எங்கள் புஷ் இரண்டாம் வகை. ஐந்நூறு வேண்டிய இடத்தில் நாற்பது இருந்தது.

நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 17ஆம் பிரிவை வெளிச்சத்துக்கென்றே ஒதுக்கியது. போதுமான வெளிச்சம் வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. கண் கூசக்கூடாது, கண்ணை வருத்தும் அளவுக்கோ விபத்து நேரும் அளவுக்கோ நிழல் விழக்கூடாது என்றும் சொன்னது. அச்சட்டத்தை எழுதியவர்களில் யாரோ ஒருவர் மெஷின் முன்னால் நின்றிருக்க வேண்டும். ஆனால் நான்கு பேர் வேலை செய்யும் பட்டறை அதன் கணக்குக்குள் வரவில்லை. சிறிய இடங்களில் விளக்கைப் பற்றிக் கேட்பதற்கு ஆளில்லை. அங்கே நிற்பவர்தான் கேட்க வேண்டும். அவரோ தம் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்.

கண்ணின் பங்கும் இல்லாமலில்லை. வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, உள்ளிருக்கும் வில்லை மஞ்சளிக்கிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதுக் கண்ணை அடைவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று ஒளியியலார் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் பக்கத்து லேத்தில் நிற்கும் இளைஞனுக்குப் போதுமான வெளிச்சம் மாமாவுக்குப் போதாது. இருவருக்கும் ஒரே கூரை விளக்கைப் பொதுவாக மாட்டுவது சமமாகத் தோன்றலாம். கண்ணுக்குள் போய்ச் சேரும்போது அது சமமாக இல்லை.

*

வெளிச்சம் போதவில்லை என்றால் பெரிய விளக்காக மாட்டிவிடலாமே என்றுதான் எவருக்கும் தோன்றும். திருவிழாப் பந்தலுக்கு விளக்குக் கட்டும் நண்பர் ஒருவர் 50 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் லைட் ஒன்றைப் பரிசோதனைக்காக ஓரிரவு கொடுத்தார். கூரையில் கட்டி, லேத்தை நோக்கித் திருப்பினோம். பட்டறை முழுவதும் பளிச்சென்று ஆயிற்று. மீட்டர் 900 என்றது. மாமா தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வேலை செய்தார். பிறகு சொன்னார். "வெளிச்சம் இருக்குது தம்பி. கோடுதான் தெரியலீங்க."

அவர் சொன்ன கோடு, கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியை ஒட்டியுள்ள டயலில் செதுக்கிய கோடு. டூல் எவ்வளவு உள்ளே போகிறது என்பதை அதில்தான் படிக்க வேண்டும். ஒரு கோடு பிசகினால் ஒரு புஷ் போயிற்று. ஏன் தெரியவில்லை என்று நாங்களும் அவருடைய இடத்தில் குனிந்து பார்த்தோம். துணியையும் தாளையும் பார்ப்பதுபோல் உலோகத்தைப் பார்க்க முடியாது. தாள் தன்மீது விழும் ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறவிடுகிறது. எங்கிருந்து பார்த்தாலும் வெள்ளையாகத் தெரிகிறது. கடைந்த உலோகம் கண்ணாடியைப் போன்றது. அதில் நாம் காண்பது உலோகத்தை அன்று, எதிரே இருப்பதன் பிம்பத்தை. எதிரே சுடர்விடும் ஒரு புள்ளி இருந்தால் அந்தப் புள்ளியின் பிம்பம் டயலிலும் ஷாஃப்டிலும் வெள்ளைத் தீற்றலாக விழுந்து, கோட்டைத் தின்றுவிடுகிறது. வெர்னியரின் முகத்தைப் பளபளப்பாக விடாமல் மங்கலான குரோமியப் பூச்சாகக் கொடுப்பதும் இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான்.

அன்றிரவு ஒரு சிறிய கைவிளக்கை வைத்துக்கொண்டு மூவரும் நெடுநேரம் பார்த்தோம். மேலே நேராகப் பிடித்தால் ஒரு கீறலும் தெரியாத பரப்பில், பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் டூல் ஓடிய தடமெல்லாம் வரிவரியாக எழுந்தது. தாழ்ந்த ஒளியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிழல் கிடைக்கிறது, அதனால் வடிவம் கிடைக்கிறது. டயலைப் படிக்கும்போதோ நேர்மாறாக, விளக்கின் முன்னால் ஒரு பால்வெள்ளைத் தகடு வைத்து ஒளியைப் பரப்பினால்தான் கோடுகள் கறுப்பாக, அமைதியாக நின்றன. பரப்பின் தன்மையைப் பார்க்க ஒருவகை ஒளி, அளவைப் படிக்க வேறொரு வகை. ஆகவே கையால் நகர்த்தக்கூடிய விளக்கு வேண்டும், முகப்பில் ஒளியைப் பரப்பும் தகடு வேண்டும் என்று இரண்டு முடிவுகள் அன்றே வந்தன. தூரத்தையும் கணக்கிட்டுக்கொண்டோம். சிறிய விளக்கு ஒன்றின் தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகிறது. கூரையில் எரியும் 50 வாட்டைவிட ஒரு முழத் தொலைவில் எரியும் பத்து வாட் போதும். மின்சாரமும் மிச்சம், அடுத்த லேத்தில் நிற்பவர் கண்ணும் மிச்சம்.

*

இனிச் சொல்வது கொஞ்சம் அச்சம் தருவது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை அதன் வலிமை சுழியத்தைத் தொடுகிறது. ஆகவே பழைய சோக் போட்ட டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி எழுகிறது. கண் அதை உணர்வதில்லை. சுற்றுகிற பொருள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடும் மூன்று தாடைச் சக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் ஒளித்துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அது சரியாக ஆறில் ஒரு பங்கு திரும்புகிறது. பார்ப்பவருக்கு ஆறு தாடை கொண்ட ஒரு சக் மங்கலாக, அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். நான்கு ஆரம் கொண்ட மோட்டார் கப்பி 1440 சுற்றில் ஓடினால் இன்னும் வேடிக்கை. அது நிமிடத்துக்கு 60 சுற்று வீதம் பின்னோக்கி மெதுவாக நடப்பதுபோல் தோன்றும்.

வேடிக்கை என்று எழுதினோம். அருகில் கை வைத்து வேலை செய்பவருக்கு அது வேடிக்கை இல்லை. மில் சத்தத்திலும் பக்கத்து மெஷின் இரைச்சலிலும் தன் மெஷின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதைப் பலமுறை கண்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணுக்கு விளக்கு பொய் சொன்னால் விலை விரலாக இருக்கும். இதனால்தான் பழைய ஆலைகளில் அடுத்தடுத்த டியூப்களை மூன்று ஃபேஸில் மாற்றி மாற்றி இணைத்தார்கள். ஒன்று மங்கும் கணத்தில் இன்னொன்று எரியும். மெஷினுக்குப் பக்கத்தில் குண்டு பல்பு ஒன்றையும் வைத்தார்கள். குண்டு பல்பின் இழை சூட்டால் ஒளிர்வது. நொடியில் நூறிலொரு பங்குக்குள் அது ஆறிவிடாது. ஆகவே அதன் ஒளி ஏறக்குறைய நிலையாக நிற்கும். எங்கள் அப்பா காலத்தில் லேத்தின் தலைமேல் தகரக் குல்லாயோடு ஒரு குண்டு பல்பு தொங்கியது எங்களுக்கு நினைவிருக்கிறது. அது ஏன் என்று மாமாவிடம் கேட்டபோது, ஃபேஸும் துடிப்பும் பற்றி ஒன்றும் சொல்லாமல், "குண்டு பல்புல சக்கு ஓடறது ஓடறாப்புலயே தெரியுமுங்க" என்றார். பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வது அது.

அந்தப் பல்புகள் கடைகளிலிருந்து மெல்ல விலகிவிட்டன. அவற்றுக்குப் பின்வந்த 24 வோல்ட் ஹாலஜன் விளக்கை மெஷின்களோடு சேர்த்தே கொடுத்தார்கள். நிறத்தைச் சரியாகக் காட்டும் நல்ல விளக்குதான். ஆனால் முகத்துக்கு அருகே 50 வாட் சூடு, அதுவும் சித்திரை மாதத்தில். சூடேறிய கண்ணாடியில் கூலண்ட் தெறித்தால் வெடித்துப்போகும். மிஞ்சியிருப்பது எல்.இ.டி. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்.இ.டி.க்கு இழையும் இல்லை, ஆறுவதற்கு நேரமும் இல்லை. உள்ளே இருக்கும் டிரைவர் கொடுக்கிற மின்னோட்டம் எப்படியோ ஒளியும் அப்படியே. நல்ல டிரைவர் நேர்கோடாகக் கொடுக்கும். மலிவானது டியூப் லைட்டைவிடக் கொடுமையாகத் துடிக்கும். பெட்டியின்மேல் வாட்டும் லூமனும் இருக்கின்றன. இதைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை.

சோதிக்க எளிய வழி உண்டு. சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றைப் பளபளவென்று தேய்த்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கடைவீதிக்குப் போனோம். விளக்கை எரியவிட்டு, அதன் கீழ் கம்பியை வேகமாக இப்படியும் அப்படியும் அசைத்தால் போதும். நிலையான ஒளியில் கம்பி ஒரே மங்கல் பரப்பாகத் தெரியும். துடிக்கும் ஒளியில் மயில்தோகைபோல் தனித்தனிக் கம்பிகளாகப் பிரியும். மூன்றாவது கடையில் உரிமையாளர் எங்களை விபூதி மந்திரிக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அவரே கம்பியை வாங்கி, தம் கடையில் எரிந்துகொண்டிருந்த விளக்கையெல்லாம் சோதிக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் பார்த்த ஏழு விளக்குகளில் நான்கு தோகை விரித்தன. அவற்றில் ஒன்று ஏழிலும் விலை கூடியது.

*

முடிவில் நாங்கள் தேர்ந்தது இப்படி. 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் எரியும், 10 வாட் எல்.இ.டி. விளக்கு. மெஷினுக்குத் தனியாக ஒரு பவர் சப்ளை. கூலண்ட் வழிகிற இடத்தில் 230 வோல்ட்டை நீட்டி வைப்பது நல்லதன்று. வயர் தேய்ந்து இரும்பைத் தொட்டாலும் 24 வோல்ட்டில் உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. நேர்மின்சாரம் என்பதால் துடிப்பும் இல்லை. தூசியும் பீய்ச்சும் நீரும் புகாத ஐ.பி. 65 தரம். நிறம் 4000 கெல்வினை ஒட்டியது. கடைகளில் அதிகம் கிடைக்கும் 6500 கெல்வின் வெண்மை முதல் பார்வையில் கூடுதல் வெளிச்சமாகத் தோன்றினாலும், மாமாவுக்கு அது எஃகின்மேல் நீலம் பூசியதுபோல் இருந்தது. அவருக்கு நீலம் முக்கியம். சீவல் வைக்கோல் நிறத்தில் வருகிறதா, ஊதாவாகிறதா, நீலமாகிறதா என்பதை வைத்துத்தான் டூலின் சூட்டைப் படிக்கிறார். நிறங்களைப் பிரித்துக் காட்டும் குறியெண் 80க்குமேல் இருப்பதாகவும் பார்த்துக்கொண்டோம்.

எல்லா மெஷினுக்கும் ஒரே விளக்கு பொருந்தாது. மில்லிங்கில் கட்டர் நடுவில் நின்று எப்போதும் ஒரு பக்கத்தை மறைக்கும். ஆகவே இரு பக்கமும் இரண்டு சிறிய விளக்குகள், ஒன்றின் நிழலை மற்றொன்று அழிக்கும்படி. டிரில்லிங்கில் துளை விழும் புள்ளியை முன்பக்கத்திலிருந்து காட்டும் ஒன்று. கிரைண்டரில் தீப்பொறி விளக்கின் முகத்தைப் பொத்தலாக்கிவிடும். அதற்கு மாற்றக்கூடிய கண்ணாடித் தகடு. கூரை விளக்குகளையும் எடுத்துவிடவில்லை. மெஷினில் மட்டும் ஒளிவெள்ளமும் சுற்றிலும் இருட்டும் இருந்தால், தலை நிமிரும்போதெல்லாம் கண் திகைத்துப் போகிறது. வேலைமேல் 500 லக்ஸ் என்றால் அதை ஒட்டிய சுற்றுப்புறத்தில் 300 வேண்டும் என்று அதே தர அளவு கேட்கிறது. சுவருக்கு வெள்ளையடித்து, கூரை டியூப்களை மெஷின் வரிசைக்கு நேரே நகர்த்தினோம்.

விளக்கு வந்த அன்று எலெக்ட்ரீஷியன் அதை லேத்தின் தலைப்பக்கத்தில், ஹெட் ஸ்டாக்கின்மேல், அழகாகப் பொருத்திவிட்டுப் போனார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் வேலை செய்தார். மூன்றாம் நாள் காலையில் நாங்கள் போனபோது விளக்கு இடம் மாறியிருந்தது. டூலைத் தாங்கி இடவலமாக நகரும் கேரேஜின் பின்பக்கத்தில் அதைத் தாமே போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். வயரை வளையும் குழாய்க்குள் விட்டு, சீவல் விழாத பக்கமாக வளைத்திருந்தார். "டூல் போற பக்கம் விளக்கும் போகோணுமுங்க" என்றார். பாவையின் கையில் இருந்த அகலைப் பற்றி வகுப்பறையில் எத்தனையோ முறை பேசியிருந்த எங்களில் இளையவருக்கு, ஏந்திய கை நடக்கவும் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஷாஃப்டின் முழு நீளத்துக்கும் ஒளி இனி ஒரே கோணத்தில் விழும். எந்த விற்பனைக் குறிப்பேட்டிலும் நாங்கள் பார்த்திராத பொருத்தம் அது. கண்ணுக்கு நேரே விளக்கின் முகம் தெரியாதபடி தம் உயரத்துக்கு அளந்து வைத்திருந்தார். அவரைவிட உயரமானவர் நின்றால் அது கூசும். அடுத்தவர் நிற்கும்போது அடுத்தவர் மாற்றிக்கொள்வார்.

*

விளக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மாலை வேலையில் திரும்பி வருவது பெரிதும் குறைந்தது. பொங்கலோடு நிறுத்துகிறேன் என்ற பேச்சு அந்தப் பொங்கலிலும் அடுத்த பொங்கலிலும் எழவில்லை. ஆனால் மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் படிக்க வேண்டிய வேலையை மாலையில் எடுப்பதில்லை என்று அவரே ஒரு வரம்பு போட்டுக்கொண்டார். மதியத்துக்குள் அதை முடித்துவிடுவார். கண் மருத்துவரிடமும் போய்வந்தோம். அங்கே தெரிந்துகொண்ட செய்தி எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் பயன்படும். புத்தகம் படிக்கும் தூரத்துக்குக் கொடுத்த கண்ணாடி லேத்துக்கு உதவாது. படிப்பது ஏறக்குறைய ஒரு முழத்துக்குள், லேத்தில் டூல் நிற்பது அதற்கும் அப்பால். இரண்டு வில்லை ஒட்டிய கண்ணாடியில், கீழ் வில்லையின் வழியே பார்க்கத் தலையை அண்ணாந்து கழுத்தை வருத்திக்கொள்ள வேண்டும். லேத்தில் நிற்கும்போது கண்ணுக்கும் டூலுக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போனோம். அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார்கள். விளக்கில் பாதியும் கண்ணாடியில் பாதியுமாகக் கிடைத்தது அந்தக் கோடு.

இதை எழுதும் இந்நாளில் அவர் பகலில் மட்டும் வருகிறார். பொழுது சாய்ந்தபின் அந்த லேத்தில் நிற்பது அவரிடம் தொழில் பழகிய இளைஞன். ஆண்டுக்கொரு முறை ஆயுதபூஜைக்கு மெஷினைத் துடைக்கும்போது, விளக்கின் முகத்தில் படிந்த எண்ணெய்ப் படலத்தையும் துடைத்து, சைக்கிள் கம்பியால் சோதித்துப் பார்க்கிறோம். டிரைவரில் உள்ள கெப்பாசிட்டர் சூட்டில் காலப்போக்கில் கெட்டு, நன்றாக இருந்த விளக்கும் துடிக்கத் தொடங்கும் என்பதால். சென்ற பூஜையின்போது கம்பியை அசைத்துப் பார்த்தவன் அந்த இளைஞன்தான். இரண்டாம் லேத்தின் விளக்கை மாற்ற வேண்டும் என்றான். மாற்றினோம்.

மாலையில் கணபதித் தெருக்களில் நடந்தால், திறந்த ஷட்டர்களுக்குள் பட்டறைகள் எரிந்துகொண்டிருப்பதைக் காணலாம். முன்பைவிட இப்போது எல்லாம் வெளிச்சமாகவே இருக்கின்றன. கூரைகளில் புதிய எல்.இ.டி. விளக்குகள், தெருவரை பாயும் வெள்ளை ஒளி. வெளியே நிற்கும் நமக்கு உள்ளே எல்லாம் தெரிகிறது. கொஞ்சம் நின்று பார்த்தால், அத்தனை ஒளியின் நடுவிலும் ஒருவர் தம் நிழலுக்குள் குனிந்து, கட்டைவிரலால் டயலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால்தான் அவருக்கு என்ன தெரியவில்லை என்பது தெரியும்.